பெரிய எதிரொலி

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்து சில நாட்களில் மருமகன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். என் தங்கையின் மகன், எண்ணெய்க்கப்பல் ஒன்றில் மூன்றாம் எஞ்சினியர். கப்பல் சுயெஸ் கால்வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, யேமனின் ஹூதிகள் கப்பல்களை அடித்துக்கொண்டிருக்கும் செங்கடலுக்குள் இறங்குவதா இல்லையா என்று கொம்பனி இன்னும் முடிவு சொல்லவில்லை என்றான்.

"மாமா, நீங்கள் அந்தக் காலத்துப் பாரசீக வளைகுடா ஆள். மிசைல் எண்டால் என்ன மாதிரி வரும்? முன்னுக்குத் தெரியுமோ?"

"எந்த மிசைல்?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்டுதானே?"

ஒன்றல்ல. அன்றிரவு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். அவனுக்குச் சொன்னதையும், பயப்படுவான் என்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் "கப்பலுக்குப் போறன்" என்றால் அதற்கு மேல் ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள், அது விவசாயம் மாதிரி ஒரு வேலை. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, ஊர்க்காரரே அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிப் போய்ச் சேர்த்தது 1938இல். என் காலத்தில் பாய் இல்லை. கொழும்பில் மோர்ஸ் படித்து, 1981இல் றேடியோ ஒபிசராகக் கிரேக்கக் கொம்பனி ஒன்றில் சேர்ந்தேன். இப்போது அந்தப் பதவியே கிடையாது. 1999 பெப்ரவரியோடு செய்மதி முறை முழுதாக வந்து, மோர்ஸ் சாவியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பிறகு எலெக்ட்ரிக்கல் ஒபிசராகப் பரீட்சை எழுதி, ராடரும் திசைகாட்டியும் திருத்திக்கொண்டு 2016 வரை ஓடினேன். ஆக முப்பத்தைந்து வருடம் என் தொழில் இரண்டே இரண்டு: கேட்பது, பார்ப்பது. ஏவுகணையைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அந்த வழியால் வந்ததுதான்.

பத்திரிகையில் ஏவுகணையைப் பற்றி எழுதுகிறவர்கள் தூரத்தையும் வேகத்தையும் வெடிமருந்தின் எடையையும் போடுவார்கள். எக்ஸோசெட் 165 கிலோ, சில்க்வோர்ம் 500 கிலோ, பிரமோஸ் ஒலியைப்போல் 2.8 மடங்கு என்று. அடி வாங்குகிற கப்பலில் இருந்தவனுக்கு அந்தக் கணக்கு இரண்டாம் பட்சம். அவன் கேட்பது, அதற்குக் கண் எது, அது எதைப் பார்க்கும் என்றுதான்.

ராடர் கண்ணுக்குக் கப்பல் கப்பலாகத் தெரிவதில்லை. அனுப்பிய அலை எங்கே பட்டுத் திரும்பி வருகிறதோ அங்கே ஒரு புள்ளி, அவ்வளவுதான். தட்டையான இரும்புத் தகட்டில் சரிவாகப் பட்ட அலை வேறெங்கோ தெறித்துப் போய்விடும். ஆனால் இரண்டு மூன்று தகடுகள் செங்குத்தாகச் சந்திக்கிற மூலைக்குள் விழுந்த அலை, வந்த வழியே திரும்பும். சுவர் மூலையில் எறிந்த பந்து எறிந்தவன் கைக்கே வருவதைப்போல. எண்ணெய்க்கப்பலில் அப்படிப்பட்ட மூலைகள் எங்கே குவிந்திருக்கின்றன? முன்னால் முக்கால்வாசி நீளமும் தட்டையான தளம். பின்னால்தான் ஆறேழு மாடிக் கட்டடம், படிகள், கைபிடிகள், புகைபோக்கி, பாலம். நாங்கள் படுத்தெழும்புவதும் சாப்பிடுவதும் அங்கே. எந்திர அறை அதற்கு நேர் கீழே. பெரிய எதிரொலியைத் தேடி வருகிற ஏவுகணைக்கு முந்நூறு மீற்றர் கப்பலில் எங்கள் கட்டில்தான் அதிகம் மினுங்கும்.

1984இலிருந்து 1988 வரை வளைகுடாவில் நடந்ததை "டாங்கர் யுத்தம்" என்பார்கள். ஈராக் விமானங்கள் ஈரானின் கார்க் தீவுக்குப் போய்வரும் கப்பல்களை அடித்தன. ஈரான் பதிலுக்குக் குவைத், சவூதிப் பக்கம் போகும் கப்பல்களை அடித்தது. லாயிட்ஸ் கணக்கில் சேதமடைந்த வணிகக் கப்பல்கள் 546, இறந்த கடலோடிகள் ஏறத்தாழ 430 பேர். அந்தக் கடலில் நான் மூன்று ஒப்பந்தம் ஓடினேன். போர் வலயத்துக்குள் நிற்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. அதில் ஒரு பங்கைக் கொம்பனி ஏதேதோ கழிவு சொல்லிப் பிடித்துக்கொண்டது வேறு கதை. அந்தக் காசில்தான் தங்கை கலியாணம் நடந்தது. இன்று கேள்வி கேட்கிற மருமகன் அந்தக் கலியாணத்தின் பிள்ளை.

றேடியோ அறைச் சுவரில் ஒரு மணிக்கூடு இருக்கும். அதன் முகத்தில் இரண்டு சிவப்புத் துண்டு, இரண்டு பச்சைத் துண்டு. சிவப்பு என்றால் ஒவ்வொரு மணியும் 15இலிருந்து 18 நிமிடம் வரையும், 45இலிருந்து 48 வரையும். அந்த மும்மூன்று நிமிடம் 500 கிலோஹேர்ட்ஸில் உலகத்தில் ஒரு கப்பலும் வாய் திறக்கக் கூடாது. ஆபத்தில் இருப்பவனின் மெல்லிய குரல் கேட்கட்டும் என்பதற்காக. வளைகுடாவில் அந்த மௌனத்துக்குள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். 1986இல் ஒரு விடியற்காலை, மௌன நேரம் முடிகிற தறுவாயில், ஒருவன் கை நடுங்கி அடித்த எஸ்.ஓ.எஸ் கேட்டது. மோர்ஸில் கை நடுக்கம் நன்றாகத் தெரியும், குரலை விட. கப்பல் பெயர், இடம், "மிசைல்", "எந்திர அறை", "தீ". நான் வாங்கி பஹ்ரெய்ன் றேடியோவுக்குக் கடத்தினேன். இருபது நிமிடம் கழித்து அந்தக் கை ஓய்ந்தது. மின்சாரம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதை அடித்தது எக்ஸோசெட் என்று பிறகு அறிந்தோம். பிரான்ஸ் செய்த சாமான். ஈராக்குக்கு 1983இல் ஐந்து சுப்பர் எத்தாந்தார் விமானங்களை இரவல் கொடுத்தார்கள், பிறகு மிராஜ் எஃப்-1 விமானங்களிலும் மாட்டினார்கள். விமானி எங்கள் கப்பலைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ராடரில் ஒரு புள்ளியைப் பார்த்து, ஐம்பது கிலோமீற்றர் அளவில் நின்று விட்டெறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். ஏவுகணை கடல் மட்டத்துக்கு மேல் சில மீற்றர் உயரத்தில், அலை முதுகைத் தடவுவதுபோல வரும். கடைசிக் கட்டத்தில்தான் தன் மூக்கிலுள்ள ராடரைத் திறந்து இலக்கைத் தேடும்.

ஏன் அவ்வளவு தாழ? பூமி உருண்டை என்பதால். ராடரின் உயரம், ஏவுகணையின் உயரம் இரண்டையும் மீற்றரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.1ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீற்றரில் ராடருக்குத் தெரியலாம் என்று வரும். கப்பலின் ராடர் 36 மீற்றர் உயரத்தில், ஏவுகணை 4 மீற்றர் உயரத்தில் என்றால் ஆறும் இரண்டும் எட்டு, ஏறக்குறைய 33 கிலோமீற்றர். ஒரு செக்கனுக்கு முந்நூறு மீற்றர் வேகத்தில் வருகிற சாமானுக்கு அது நூற்றுப் பத்துச் செக்கன். அதுவும் போர்க்கப்பலின் ராடருக்கு. எங்கள் வணிகக் கப்பல் ராடர் அலைகளின் சலசலப்புக்குள் அந்தச் சின்ன உருவத்தைப் பிரித்தே காட்டாது. மருமகன் கேட்ட "முன்னுக்குத் தெரியுமோ" என்பதற்குப் பதில் இதுதான்: தெரியாது தம்பி. தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கிற நேரம்கூட உனக்கு இல்லை.

போர்க்கப்பலுக்கே பல தடவை தெரியவில்லை. 1982 மே 4இல் ஃபோக்லாந்துக் கடலில் பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் கப்பலில் எக்ஸோசெட் பட்டு 20 பேர் இறந்தார்கள். அந்த நேரம் கப்பல் செய்மதியில் பேசிக்கொண்டிருந்தது, அந்த ஒலிபரப்பு எச்சரிக்கைக் கருவியின் காதை அடைத்துவிட்டது என்பது எங்கள் றேடியோக்காரர் வட்டத்தில் பெரிய பேச்சு. பிற்காலத்தில் வெளிவந்த விசாரணை அறிக்கை ஆட்களின் அசட்டையையும் சேர்த்துச் சொன்னது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கருவியைக் குற்றம் சொல்வது எப்போதும் சுலபம், அது திருப்பிப் பேசாது.

என்னை அதிகம் உலுக்கியது அதே மாதம் 25ஆம் திகதி நடந்தது. அட்லாண்டிக் கன்வேயர் ஒரு கொள்கலன் கப்பல், ஹெலிகொப்டர்களை ஏற்றி வந்தது. ஆர்ஜென்டீன விமானங்கள் விட்ட ஏவுகணைகளைக் கண்ட போர்க்கப்பல்கள் "சாஃப்" என்ற அலுமினியத் துகளை வானத்தில் தூவின. ஏவுகணைக்கு அந்தத் துகள் மேகம் ஒரு பொய்க் கப்பல். அதை நம்பி விலகி, மேகத்தைத் துளைத்துக்கொண்டு அப்பால் வந்து, மறுபடி தேடியபோது கண்ட முதல் பெரிய எதிரொலி துகள் தூவ வழியில்லாத வணிகக் கப்பல். 12 பேர் இறந்தார்கள். போர்க்கப்பல்காரர்கள் தவறு செய்யவில்லை, தங்களைக் காத்தார்கள். ஆனால் தட்டிவிட்ட கல் எங்காவது விழத்தானே வேண்டும்.

வணிகக் கப்பல் இப்படி அடிபடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1971 டிசம்பர் 4 இரவு இந்தியக் கடற்படையின் நிபாத், நிர்காத், வீர் என்ற சின்னப் படகுகள் கராச்சிக்கு முன்னால் போய், சோவியத் நாட்டின் பி-15 ஏவுகணைகளை விட்டன. பாகிஸ்தானின் கைபர் மூழ்கியது, முஹாஃபிஸ் மூழ்கியது, கூடவே வீனஸ் சலஞ்சர் என்ற வணிகக் கப்பலும் போனது. நான்கு நாள் கழித்து விநாஷ் போய் நான்கு ஏவுகணை விட்டது. கெமாரி எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன, பாகிஸ்தானின் எண்ணெய்க்கப்பல் டாக்கா சேதமானது, பனாமாக் கொடியின் கல்ஃப் ஸ்டார் மூழ்கியது, பிரித்தானியாவின் ஹர்மட்டன் அடிபட்டது. இந்தியாவில் டிசம்பர் 4 கடற்படை நாள். துணிந்த காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் என் தொழில்காரன் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிப்பான்.

இனி சில்க்வோர்ம். அந்தப் பி-15இன் சீனத்துப் பிள்ளை. உருவத்தில் சின்ன விமானம் மாதிரி, வெடிமருந்து எக்ஸோசெட்டைப்போல் மூன்று மடங்கு. எக்ஸோசெட் அளவுக்குத் தாழப் பறக்கிற நுட்பம் கிடையாது, ஏமாற்றுவதும் சுலபம். ஈரான் இதை ஃபாவ் முனையின் கரையில் நிறுத்திவைத்து, குவைத்தின் எண்ணெய்த் துறையைக் குறிபார்த்தது. கரையில் நிற்கும் ஏவுகணையின் வேலை வேறு. விமானத்தின் எக்ஸோசெட் நடமாடுகிறதைத் தேடிப் போகிற வேட்டை நாய். கரை ஏவுகணை படலையில் கட்டின நாய், அந்த வழியால் யாரும் போகக் கூடாது என்பதற்கு. 1987 ஒக்டோபர் 16இல் ஒரு சில்க்வோர்ம் சீ ஐல் சிற்றி என்ற கப்பலை அடித்தது. குவைத்துக் கப்பல், பாதுகாப்புக்காக அமெரிக்கக் கொடி ஏற்றியது. வளைகுடா நெடுக அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கூட்டிவந்து, குவைத் எல்லையில் விட்டுவிட்டுப் போன பிறகு அடி. பட்ட இடம் பாலமும் ஆட்கள் தங்கும் பகுதியும். பதினெட்டுப் பேருக்குக் காயம். மூலைகளைப் பற்றி மேலே எழுதினேனே, அது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

அதன் பிறகு குவைத்துக்காரர்கள் மிதவைகளில் உலோக மூலைத் தட்டிகளைக் கட்டிக் கடலில் நிறுத்தினார்கள். ராடர் கண்ணுக்கு அவை பெரிய கப்பல். கோடிக்கணக்கில் பெறுமதியான ஏவுகணைக்கு எதிராகத் தகரம்! மூன்று தகட்டைச் செங்குத்தாகச் சேர்த்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

எண்ணெய் நிறைந்த கப்பல் அடிபட்டால் வெடித்துச் சிதறும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் அம்மன் கோவிலில் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் அனுப்புவா. உண்மையில் நிறைந்த தாங்கி வெறும் தாங்கியை விடப் பாதுகாப்பு. கச்சா எண்ணெய் தானாக வெடிக்காது, காற்றோடு கலந்த அதன் ஆவிதான் வெடிக்கும். அதனால் பொயிலர் புகையைக் கழுவிக் குளிர்த்தி, தாங்கிக்குள் எண்ணெய்க்கு மேலுள்ள வெளியில் அடைத்துவைப்போம். உள்ளே ஒக்சிஜன் எட்டு வீதத்துக்கு மேல் போகவிடக் கூடாது. புகையை அடைக்கும் அந்தக் கருவி பழுதானால் நங்கூரத்தைத் தூக்கவே எங்கள் தலைமை ஒபிசர் சம்மதிக்கமாட்டார். இதனால்தான் எக்ஸோசெட் பட்ட பெரிய எண்ணெய்க்கப்பல்கள் பலவும் ஓட்டையோடு துறைமுகத்துக்குத் திரும்பின. கப்பல் பிழைக்கும், பின்கட்டில் படுத்திருந்தவர்கள் பிழைப்பார்களா என்பது வேறு. சிலபேர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்தளத்துக்குப் போய்ப் படுப்போம். கப்டன் கண்டும் காணாததுபோல் விடுவார்.

கப்பலைத் தாழ்ப்பதானால் தண்ணீர் உள்ளே வரவேண்டும். டோர்பிடோ அடிவயிற்றைக் கிழிக்கும், ஏவுகணை பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே நெருப்பு வைக்கும். 1987 மே 17இல் அமெரிக்காவின் ஸ்டார்க் என்ற போர்க்கப்பலில் இரண்டு எக்ஸோசெட் பட்டது. ஒன்று வெடிக்கவே இல்லை. ஆனால் அதன் மிச்ச எரிபொருள் உள்ளே கொட்டி எரிந்தது. 37 பேர் இறந்தார்கள், கப்பல் மிதந்தது.

எக்ஸோசெட்டுக்கு என்னைத் தெரியாது. அதை நினைத்து ஒருவித ஆறுதல்கூட உண்டு. ஈரானியப் போர்க்கப்பல் சபலான் அப்படியல்ல. அது பக்கத்தில் வரும். வி.எச்.எஃப் 16ஆம் சேனலில் மரியாதையான ஆங்கிலத்தில் எந்தத் துறைமுகம், என்ன சரக்கு, எங்கே போகிறாய் என்று கேட்கும். பதிலை வாங்கிக்கொண்டு, சின்ன ஏவுகணையாலும் பீரங்கியாலும் ஆட்கள் தங்கும் பகுதியைப் பார்த்தே அடிக்கும். அந்தக் குரல் 16இல் வந்தால் பாலத்தில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம். அதே சேனலில் இரவிரவாக ஒரு விசரன் குரங்குபோலக் கத்திக்கொண்டும் இருப்பான், வளைகுடாவில் ஓடிய எல்லோருக்கும் அவனைத் தெரியும். பயமும் பகிடியும் ஒரே ஸ்பீக்கரில்.

வானத்தை நோக்கும் ஏவுகணை காவலுக்கானது என்று சொல்வார்கள். பெயரில்தான் காவல். 1988 ஏப்ரல் 18இல் அமெரிக்கரும் ஈரானியரும் மோதியபோது, ஜோஷான் என்ற ஈரானியப் படகை அமெரிக்கக் கப்பல்கள் விமானத்தை விழுத்துகிற ஸ்டாண்டர்ட் ஏவுகணைகளாலேயே அடித்து முடமாக்கின. கப்பலை அடிப்பதற்கென்றே செய்த ஹார்ப்பூன் பிறகு போனது, தவறிவிட்டது. கண்ணுக்கு நேரே தெரிகிற இலக்குக்கு வேகமான சாமான்தான் உதவும். அதற்கு மூன்றாம் மாதம், ஜூலை 3இல், அதே ஸ்டாண்டர்ட் குடும்பத்து ஏவுகணைகளை வின்சென்ஸ் கப்பல் ஈரான் பயணிகள் விமானத்தின்மேல் விட்டது. 290 பேர். உலகத்திலேயே விலையுயர்ந்த ராடர்களில் ஒன்று அந்தக் கப்பலில் இருந்தது. திரையில் புள்ளியை அது சரியாகத்தான் காட்டியது. புள்ளிக்குப் பெயர் வைத்தது மனிதர்.

இதை எழுதும்போது எங்கள் வானத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் முப்பது வருடப் போரில் ஷெல், பொம்மர், ஹெலி, டோரா என்று குழந்தைப்பிள்ளையும் சத்தத்தை வைத்தே இனம் சொல்லும். கடலில் கப்பல் அடிக்கும் ஏவுகணை பற்றி எவரும் கதைத்து நான் கேட்டதில்லை. இங்கே வேலை செய்த ஏவுகணை தோளில் தூக்கி விடுவது. அதன் கண் ராடர் அல்ல, சூடு. எந்திரத்தின் வெப்பத்தைத் தேடிப் போகும். 1995 ஏப்ரல் 28, 29 என்று அடுத்தடுத்த நாளில் பலாலிக்குப் பக்கத்தில் இரண்டு அவ்ரோ விமானங்களைப் புலிகள் விழுத்தினார்கள். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர், பெரும்பாலும் எங்கள் சனம். அதுவும் புலிகளின் தோள் ஏவுகணையால்தான் என்றே கொள்ளப்படுகிறது. நான் அதே விமான சேவையில் ஆறு கிழமைக்கு முதல் லீவுக்கு வந்திறங்கியவன். விமானம் நின்றுபோனது. திரும்பிப் போகையில் திருகோணமலைக்குக் கப்பல்தான். ஆயுள் முழுக்கக் கப்பலில் கிடந்தவன், சத்தி எடுக்கும் பயணிகளுக்கு நடுவில் சாக்குமூட்டைமேல் குந்தியிருந்து போனேன்.

இலங்கைக் கடற்படையிடம் கப்பல் அடிக்கும் ஏவுகணை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலிடமிருந்து நந்திமித்ர, சூரநிமல என்ற இரண்டு படகுகள் வந்தன, காப்ரியேல் ஏவுகணைகளோடு. 1967 ஒக்டோபரில் எகிப்தின் சின்னப் படகுகள் பி-15 விட்டு இஸ்ரேலின் எய்லாத் கப்பலைத் தாழ்த்தி 47 பேரைக் கொன்ற பிறகு, இஸ்ரேல் முழுமூச்சாக வளர்த்த ஏவுகணை அது. 1973இல் சிரியக் கடலில் அதற்குப் பெரிய பேர். ஆனால் முல்லைத்தீவுக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அது எதைப் பார்க்கும்? எதிரில் நின்றது புலிகளின் கண்ணாடியிழைப் படகு. அலை அதை ஊடுருவிப் போகும், திரும்பி வருவது வெளிமோட்டரில் பட்டது மட்டும்தான். பத்துப் படகு ஒன்றாய்ச் சுழன்று வரும், பக்கத்தில் மீன்பிடி வள்ளமும் நிற்கும். ஆகையால் இந்தக் கடலின் சண்டை கிட்ட நின்று, கண்ணால் பார்த்து, பீரங்கியால் நடந்தது.

இன்னொன்றும் இங்கே நடந்தது. 1990 ஜூலை 10இல், எங்கள் வல்வெட்டித்துறைக்கு நேரே, எடித்தாரா என்ற கடற்படைக் கப்பல்மேல் புலிகள் வெடிமருந்துப் படகை மோதினார்கள். கடற்கரும்புலிகளின் முதல் தாக்குதல் அதுதான். அதை அப்போது யாரும் ஏவுகணை என்று சொல்லவில்லை. எனக்கு இப்போது அப்படித்தான் படுகிறது. நீர்மட்டத்தில் வருகிறது, இலக்கைத் தேடித் திரும்புகிறது, அடிவயிற்றில் அடிக்கிறது. அதன் கண் மனிதக் கண். அந்தக் கண்ணுக்குத் துகள் தூவி ஏமாற்ற முடியாது. 2024 ஜூன் 12இல் செங்கடலில் டியூட்டர் என்ற சரக்குக் கப்பலை ஹூதிகளின் படகு பின்பக்கத்தில் அடித்தது, ஆளில்லாத படகு. எந்திர அறையில் நின்ற பிலிப்பைன்ஸ் கடலோடி ஒருவர் இறந்தார், தண்ணீர் உள்ளே வந்தது, ஒரு கிழமைக்குள் கப்பல் தாழ்ந்தது. எந்திர அறை. மருமகன் வேலை செய்கிற இடம்.

செங்கடலில் ஹூதிகள் விட்டதில் எல்லா இனமும் கலந்து இருந்தது. மோட்டார் சைக்கிள் மாதிரிச் சத்தம் போட்டு மெதுவாக வரும் டிரோன், தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணை. இவை இரண்டும் எங்களுக்குத் தெரிந்தவற்றின் பேரப்பிள்ளைகள். மூன்றாவது புதிது. வானத்துக்கு ஏறி, ஒலியைப் போலப் பல மடங்கு வேகத்தில் தலைக்கு மேலிருந்து இறங்கும் பாலிஸ்டிக் ஏவுகணை. ஓடுகிற கப்பலை நோக்கி அதைப் போரில் விட்டது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அது வளைவுக்குக் கீழே ஒளிந்து வருவதில்லை, தூரத்திலேயே தெரியும். தெரிந்தும் தடுக்க நல்ல போர்க்கப்பல் பக்கத்தில் நிற்கவேண்டும். அதே 2024 பெப்ரவரி 18இல் ருபிமார் என்ற கப்பல் அப்படி அடிபட்டு, சுமார் 21,000 தொன் உரத்தோடு இரண்டு கிழமை கிடந்து தாழ்ந்தது. மார்ச் 6இல் ட்ரூ கொன்ஃபிடன்ஸ். மூன்று கடலோடிகள் இறந்தார்கள். அதில் காவலுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் இலங்கையர். அவர்களையும் மற்றவர்களையும் தூக்கியது இந்தியாவின் கொல்கத்தா கப்பல்.

காக்க வந்த போர்க்கப்பல்கள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகத் தடுக்கும். தூரத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, எல்லாம் தப்பினால் கடைசியில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடும் துப்பாக்கி. 2024 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் கிரேவ்லி அந்தக் கடைசித் தோல்வரைக்கும் போய்த்தான், ஒரு மைல் அளவில் வந்த ஏவுகணையை விழுத்தியது. இருபது லட்சம் டொலர் ஏவுகணையைச் சில ஆயிரம் டொலர் டிரோனுக்கு விடுகிறார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கில் கப்பலும் ஆட்களும் எந்தப் பக்கம் எழுதப்படுகிறார்கள் என்று பார்த்தேன். ஜனவரி 26இல் நாஃப்தா ஏற்றிய மார்லின் லுவாண்டா எரிந்தபோது, உள்ளே இருந்தவர்கள் 22 இந்தியரும் ஒரு வங்காளதேசத்தவரும். பிரமோஸ், பராக் ஏவுகணைகளைச் சுமந்து நின்ற விசாகப்பட்டினம் என்ற இந்தியப் போர்க்கப்பல் அன்று அனுப்பியது நுரையும் குழாயும் தூக்கிய பத்துப் பேரை.

மருமகன் கடைசியாகக் கேட்டதுதான் என்னைக் குத்தியது.

"மாமா, ஏ.ஐ.எஸ்ஸை நிப்பாட்டினால் காணமாட்டாங்கள்தானே?"

ஏ.ஐ.எஸ் என்பது கப்பலின் பெயரையும் இடத்தையும் போக்கையும் சில செக்கனுக்கு ஒருமுறை வி.எச்.எஃபில் ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டி. கப்பல்கள் மோதாமல் இருக்க 2004 முடிவதற்குள் எல்லா வெளிநாட்டோட்டக் கப்பலிலும் பூட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த வருடம் என் கையாலேயே நாலு கப்பலில் பூட்டினேன். நல்ல சாமான் என்று பெருமையாகக்கூட இருந்தது. இன்று கைபேசி வைத்திருக்கிற எவனும் அதைப் பார்க்கலாம். சபலான் 16இல் கேட்டு வாங்கிய விபரத்தை இந்தப் பெட்டி கேட்காமலே சொல்கிறது. நிறுத்தினால் குறிபார்ப்பது கடினமாகும், ஆனால் நிறுத்திய கப்பல்களும் அடி வாங்கின. கப்டன் சொல்வதைச் செய், நீ எந்திர அறையில் வேலையில்லாத நேரம் நிற்காதே, படுக்கையைக் கட்டடத்தின் வெளிப்பக்க அறையில் வைக்காதே என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கொம்பனி மனம் மாறி, மத்தியதரைக் கடலைத் திரும்பக் கடந்து ஆபிரிக்காவைச் சுற்றிவரச் சொல்லிவிட்டது. நன்னம்பிக்கை முனையில் திமிங்கிலம் கண்டதாகப் படம் அனுப்பினான்.

இப்போது எனக்கு வேலை வீட்டுக் கோடியில் ஒரு மேசை, ஒரு வெட்டுக்கத்தரி, அலுமினியத் தகடு. சதுரமாக வெட்டிய மூன்று தகட்டை ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கொழுவி ஆணி அடித்தால் எட்டு மூலை வரும். அதைத் தடியில் கட்டி வள்ளத்தில் நட்டால், பருத்தித்துறைக்குக் கிழக்கே ஆழத்தில் இரவு தங்கித் தொழில் செய்கிறவனை வருகிற கப்பலின் ராடர் காணும். கண்ணாடியிழை வள்ளம் மட்டும் என்றால் அலைக்குள் அலையாகப் போய்விடும், கப்பல் ஏறி மிதித்துவிட்டு, மிதித்ததே தெரியாமல் போகும். காசு வாங்குவதில்லை, மீன் தருவார்கள்.

போன கிழமை பக்கத்து வளவுக்காரர் ஒன்று வாங்க வந்தார். போர்க்காலத்திலும் கடலுக்குப் போனவர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இதைக் கட்டினால் கப்பலுக்கு மட்டுமோ தெரியும்?"

"இல்லை. ராடர் வைச்சிருக்கிற எல்லாருக்கும்."

"நேவிக்கும்?"

"நேவிக்கும்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, சோழகம் அடங்கட்டும், பேந்து வந்து எடுக்கிறன் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை. மேசையில்தான் இருக்கிறது.